எட்டத்துண்டில் ஒரு பிரசவம்

எங்கள் வென்லோ ஊரின் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகம் சர்ச் வாசலில் விற்கிறது. அதில் 1819ஆம் வருஷத்துக்கு ஒரே ஒரு வரிதான்: பெரிய மணி உருக்கப்பட்டு மறுபடி வார்க்கப்பட்டது. மணியைக் குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அதே வருஷம் பிப்ரவரியில் இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் பிரசவ வலியில் கிடந்த ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பற்றி ஓர் எழுத்து கிடையாது. புத்தகத்தை எழுதியவர் ஒரு பாதிரியார். பழைய ஏடுகளையெல்லாம் புரட்டியவர், அதையும் பார்த்திருப்பார். மணியைப் பற்றி எழுதினால் யாருக்கும் வலிக்காது என்று விட்டிருப்பார்.

அந்தக் காலத்துச் சட்டம் ரொம்ப எளிமையானது. கல்யாணமாகாதவள் பெறும் பிள்ளை எந்த ஊர் எல்லைக்குள் மண்ணைத் தொடுகிறதோ அந்த ஊர்ப் பிள்ளை. அதற்கு ரொட்டி போடுவதும் துணி கொடுப்பதும், செத்தால் குழி வெட்டுவதும் அந்த ஊரின் பாடு. அதனால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு வெளியூர்க்காரி தெருவில் நடந்தால் போதும், ஊரே அவளை எந்தப் பக்கம் தள்ளலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடும்.

டாமரிஸ் ஃபென் அப்படி ஒரு வெளியூர்க்காரி. வயது பத்தொன்பது. ஹம்ஃப்ரி டக்வெல்லின் பண்ணையில் பால் கறந்து வெண்ணெய் கடைகிற வேலை. அவளை டக்வெல் வேலைக்கு எடுத்தது ஐம்பத்தோரு வாரத்துக்கு. ஒரு முழு வருஷம் ஒரே இடத்தில் வேலை செய்தால் அந்த ஊர்க்காரியாகிவிடுவாள் அல்லவா, அதனால் ஒரு வாரம் குறைத்து எடுப்பது இங்கே எல்லாப் பண்ணைகளிலும் வழக்கம். பிள்ளைக்குத் தகப்பன் கோடைத் தொடக்கத்தில் புல் அறுக்க வந்த ஒருவன். கப்பலேறிப் போய்விட்டான். அவளுடைய சொந்த ஊர் நாற்பது மைல் தள்ளி இருந்தது. முறைப்படி உத்தரவு வாங்கி அங்கே அனுப்பலாம் என்று ஊர்க்கூட்டம் இழுத்தடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

விடியற்காலையில் வலி கண்டதும் மருத்துவச்சி கெசியா ஸ்ட்ரட்விக்கைக் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது விதவை. இருநூறு பிள்ளைகளுக்கு மேல் எடுத்த கை. கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் ஊருக்குச் சொந்தமான ஒரு குடிசையில், ஊர் தயவில் இருந்தாள். டாமரிஸ் படுத்திருந்த பரணுக்கு அவள் ஏறிப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, டக்வெல் ஏணிப்படியில் தலையை நீட்டினார்.

"எவ்வளவு நேரமாகும்?"

"தலைப்பிரசவம். பொழுது சாயற நேரமாகும் ஐயா."

"அப்ப நேரம் இருக்கு."

"எதுக்கு?"

டக்வெல் உத்தரத்தைப் பார்த்தார். கெசியாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த வருஷம் ஏழைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. சம்பளமில்லாத வேலை, ஆளுக்கொரு வருஷம் முறை வைத்து. போன வருஷம் பார்த்தவர் இரண்டு பிள்ளைகளை ஊருக்குள் பிறக்க விட்டார் என்று கூட்டத்தில் அவரை வறுத்தெடுத்திருந்தார்கள். வறுத்தவர்களில் டக்வெல்லும் ஒருவர்.

"தரை இரும்பா உறைஞ்சு கெடக்கு ஐயா. வண்டி குலுக்குற குலுக்கல்ல இவ என்னாவா?"

"மூணு மைல்தானே. திராப்லி தெருவுல சத்திரம் இருக்கு, அடுப்பு எரியுது, பொம்பளைங்க இருக்காங்க. வாசல்ல எறக்கிவிட்டா உள்ள தூக்கிட்டுப் போய்த்தான ஆகணும்? நான் என்ன கொலையா பண்ணப் போறேன்?"

"பதினோரு மாசம் உங்க வீட்டுக்கு ஒழைச்ச பிள்ள."

"அதுக்காகத்தான் கம்பளி குடுக்குறேன். என் சொந்தக் கம்பளி." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு பெருமை இருந்தது. "நீயும் கூட வா. நாளைக்கு ஒண்ணுன்னா, மருத்துவச்சிய வச்சுத்தான் கூட்டிட்டுப் போனோம்னு சொல்லணும்."

"வரலன்னா?"

"நீ இருக்கிறது ஊர் வீடு, கெசியா."

பத்து மணிக்கு வண்டி கிளம்பியது. ஊர்க் காவல்காரன் ஏமஸ் கெட்ஜ் லகானைப் பிடித்தான். டக்வெல் குதிரையில் முன்னால் போனார். வைக்கோல் மேல் டாமரிஸ், அவள் தலை கெசியாவின் மடியில். வழியில் கதவைத் திறந்து பார்த்தவர்கள் பார்த்த வேகத்தில் மூடிக்கொண்டார்கள்.

"எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள் டாமரிஸ்.

"திராப்லிக்கு."

"அங்க என்னைச் சேத்துக்குவாங்களா?"

கெசியா அவள் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டாள். திராப்லிக்காரர்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். இப்படி வந்து சேர்கிற பிள்ளைகளை அவர்கள் ஏழு வயது வரைக்கும் வைத்திருந்து, அப்புறம் மூட்டை கட்டி வடக்கே நூற்பாலைக்கு அனுப்பிவிடுவார்கள். போனதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வென்லோ மட்டும் என்ன ஒழுங்கு என்று கேட்கலாம். ஒழுங்கில்லைதான். ஆனாலும் வென்லோப் பிள்ளை வென்லோவிலேயே ஏதாவது ஒரு பண்ணையில் வளரும், தாய் போய்ப் பார்க்கலாம்.

"என் புள்ளைய என்கிட்டேருந்து பிடுங்கிருவாங்களா?"

"பேசாத கண்ணு. மூச்ச விடு."

திராப்லிப் பாலத்தில் மூன்று பேர் கவைக்கோலோடு நின்றிருந்தார்கள். இந்த மாதிரிச் செய்திக்கு எப்படித்தான் கால் முளைக்குமோ, வண்டிக்கு முன்னால் போய்விட்டிருந்தது.

"டக்வெல்லு, வண்டியத் திருப்பு," என்றான் அவர்களில் நெட்டையன். "உங்க ஊர்ச் சரக்க உங்க ஊர்லயே எறக்கு."

"பொதுப் பாதைய மறிக்க நீ யாரு?"

"நானா? போன வருஷம் நீங்க தள்ளிவிட்ட கிழவனுக்கு இன்னைக்கு வரைக்கும் கஞ்சி ஊத்துற ஊர்க்காரன். கிழவன் நல்லா இருக்கான். உங்க எல்லாரையும் கேட்டதாச் சொல்லச் சொன்னான்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். டக்வெல் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் கவைக்கோல் மூன்று, அவர் பக்கம் ஒரு சாட்டை. வண்டியைத் திருப்பச் சொன்னார். பார்வைக்கு மறைந்ததும் ஏமஸிடம், மேலே போய் வைக்கோல் வண்டி போகிற தடத்தில் ஓடையைக் கடக்கலாம் என்றார். ஓடை உறைந்திருந்தது. சக்கரம் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு இறங்கி ஏறியபோது டாமரிஸ் போட்ட கூச்சலில் குதிரை மிரண்டது. அக்கரை ஏறி அரை மைல் போனதும் கெசியா வைக்கோலைப் பார்த்தாள். சிவந்திருந்தது.

"நிறுத்துங்க," என்றாள்.

டக்வெல் திரும்பி வந்து பார்த்தார். பார்த்தவர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார். கொலைகாரர் இல்லை அவர், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பயந்துவிட்டார். தெரு இன்னும் ஒரு மைல். இடது பக்கம் ஒரு புல்வெளி, அதன் நடுவில் கல்லால் கட்டிய ஒரு வைக்கோல் கொட்டகை.

"அது யாரோடது?" என்று கேட்டார்.

இங்கேதான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மே மாதத்தில் எங்கள் ஊர் ஆண்கள் பாதிரியாரோடு ஊர் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். கையில் நீளக் குச்சி, எல்லைக் கல் ஒவ்வொன்றிலும் ஓர் அடி. எல்லையில் ஓடை குறுக்கிட்டால் இறங்கி நடப்பார்கள், வீடு குறுக்கிட்டால் சன்னல் வழியாகக்கூட ஏறிப் போவார்கள். காகிதத்தில் படம் எதுவும் கிடையாது. எல்லை என்பது அவர்கள் காலில் இருந்தது. அந்தச் சுற்றின் கடைசியில் ஓடையைத் தாண்டி, திராப்லியின் வயிற்றுக்குள் ஐந்து ஏக்கர் புல்வெளி ஒன்றையும் சுற்றி வருவார்கள். அதற்கு எட்டத்துண்டு என்று பெயர். மடங்கள் இருந்த காலத்தில் யாரோ வென்லோ சர்ச்சுக்கு எழுதிவைத்தது. நாலு பக்கமும் திராப்லி, நடுவில் அது மட்டும் எங்கள் மண். அங்கே போய்ச் சேர்ந்ததும் பீர் ஊற்றுவது வழக்கம். பதினெட்டு வருஷத்துக்கு முன் புதுப் பாதிரியார் வந்து பீரை நிறுத்தினார். அதோடு எட்டத்துண்டு வரைக்கும் போக யாருக்கும் காலில் வலு இல்லாமல் போய்விட்டது. நான்கு தடவை போகவில்லை, ஐந்தாம் தடவை அப்படி ஓர் இடம் இருப்பதே மறந்துவிட்டது. டக்வெல் கல்யாணம் செய்துகொண்டு வென்லோவுக்கு வந்தவர். ஏமஸ் அப்போது தவழ்கிற பிள்ளை. கெசியா மட்டும் ஆறு சுற்றுக்குப் பீர்க் குடம் சுமந்து அந்தப் புல்வெளிக்கு வந்தவள். எந்த மூலையில் கல் இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

"திராப்லி ஓல்டிங்குதான் அதுல வைக்கோல் அடைச்சு வச்சிருக்காரு," என்றாள்.

அது பொய்யில்லை. கேட்பாரற்றுக் கிடந்த அந்த இடத்தை ஓல்டிங்தான் வைத்திருந்தார்.

சொல்லிவிட்டு அவள் மனம் என்ன பாடு பட்டது என்பதை அவளே பிற்பாடு சொன்னாள். இது நம் ஊர் மண் ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், டக்வெல் குதிரையை அடித்துத் தெருவுக்கே ஓட்டியிருப்பார். அங்கே அடுப்பு இருந்தது, வெந்நீர் இருந்தது, இன்னும் இரண்டு பெண்களின் கை இருந்தது. ஆனால் பிள்ளை திராப்லிப் பிள்ளை ஆகியிருக்கும். வாயை மூடிக்கொண்டால் பிள்ளை வென்லோப் பிள்ளை, எந்த நீதிபதியும் அசைக்க முடியாது. அவள் டாமரிஸைப் பார்த்தாள். வெண்ணெய் கடைந்து உரமேறிய தோள், அகன்ற இடுப்பு. ரத்தம் கொஞ்சம்தான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், தாங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டாள். இந்த விஷயத்தில் அவள் கணக்குத் தப்பியதே இல்லை.

டாமரிஸைத் தூக்கிக் கொட்டகைக்குள் கிடத்தினார்கள்.

"நெருப்புக்கு என்ன பண்றது?" என்றாள் கெசியா.

"வைக்கோலுக்குள்ள நெருப்பா? ஓல்டிங் என்னத் தொலைச்சிருவான்."

"ஏமஸயாவது விட்டுட்டுப் போங்க. அவசரத்துக்கு ஆளு வேணும்."

"வென்லோக் காவல்காரன் இங்க நின்னா நாமதான் கொண்டாந்து போட்டோம்னு ஆயிரும்," என்றார் டக்வெல். அவர் பங்குக்குக் கம்பளியை நன்றாக இழுத்துப் போர்த்திவிட்டார். அப்புறம் வண்டி போய்விட்டது.

சக்கரச் சத்தம் அடங்கியதும் கெசியா குனிந்து அந்தப் பெண்ணின் காதில் சொன்னாள்: "அடியே, கேளு. இது திராப்லி இல்ல. இந்தக் கொட்டகை நிக்கிறது நம்ம ஊரு மண்ணு."

டாமரிஸ் விழித்தாள். "நெசமாவா?"

"நெசம். உன் புள்ள வென்லோப் புள்ள. ஒருத்தனும் எங்கேயும் அனுப்ப முடியாது."

"அவருக்குத் தெரியாதா?"

"ஒரு மண்ணும் தெரியாது."

டாமரிஸ் சிரித்தாள். வலிக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்படி சிரித்தாள். "முழிப்பாரு பாருங்க," என்றாள். கெசியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊரை ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இரண்டு பெண்களும் அந்தக் குளிரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பகல் இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்தது. பெண். நன்றாக அழுதது. கெசியா அதைத் துடைத்துத் தன் சட்டைக்குள் மார்போடு வைத்துக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் நஞ்சுக்கொடி இறங்கவில்லை. ரத்தம் நிற்கவில்லை. வயிற்றை அழுத்தினாள், மேலங்கியைக் கிழித்து அடைத்தாள், வாசலிலிருந்து பனியை அள்ளி வைத்தாள். விரல்கள் விறைத்து, தொடுவது எது என்று அவளுக்கே தெரியவில்லை. வெந்நீரில் ஒரு நிமிஷம் கையை முக்க முடிந்திருந்தால் உள்ளே விட்டு எடுத்திருப்பாள். இருபது தடவை எடுத்திருக்கிறாள். வாசலைப் பார்த்துக் கத்தினாள். ஒரு மைல் தூரத்தில் திராப்லி வீடுகளின் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ஓடிப் போய் ஆளைக் கூட்டிவரலாம், ஆனால் அழுத்திய கையை எடுத்தால் அந்த நிமிஷமே முடிந்துவிடும். கையை எடுக்காமல் கத்திக்கொண்டே இருந்தாள்.

"அவருகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?" என்றாள் டாமரிஸ். குரல் தேய்ந்திருந்தது. "நானும் கூட இருக்கணும்."

"நீதான் சொல்லப் போற. நீயே சொல்லு."

"ஆமா," என்றாள். வெளிச்சம் மங்குவதற்குள் இறந்துவிட்டாள்.

மாட்டுக்கு வைக்கோல் எடுக்க வந்த ஓல்டிங்தான் அவர்களைக் கண்டது. திராப்லிக்காரர்கள் ஆள் அனுப்பி டக்வெல்லை வரவழைத்தார்கள். மறுநாள் காலையில் இரண்டு ஊர்க்காரர்களும் அந்தப் புல்வெளியில் கூடிவிட்டார்கள். நீ கொண்டுவந்து போட்டாய் என்று அவர்கள், அவளாக நடந்து வந்தாள் என்று டக்வெல். செத்தவள் உள்ளே கிடந்தாள், இவர்கள் வெளியில் நின்று அவள் யார் பாடு என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கெசியா வடமேற்கு மூலைக்கு நடந்தாள். முள்வேலி அடியில் காலால் பனியைத் தள்ளினாள். பாசி பிடித்த கல்லில் வென்லோ சர்ச்சின் அடையாளமான சாவி செதுக்கியிருந்தது.

திராப்லிக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தப் பக்கத்தில் பேச்சாக இருக்கிறது. மூன்று மைல் சுற்றி, ஓடையை உடைத்து, சொந்த ஊருக்கே கொண்டுவந்து இறக்கினாயா டக்வெல் என்று ஓல்டிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கெசியா டக்வெல்லின் முகத்தைப் பார்த்தாள். டாமரிஸ் சொன்னது சரிதான். முழித்தார். பார்க்க அவள் இல்லை.

மூன்றாம் நாள் டாமரிஸை வென்லோவில் புதைத்தார்கள். அன்று பிற்பகலே சர்ச்சின் பக்கத்து அறையில் ஊர்க்கூட்டம். கெசியா பிள்ளையைச் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து அவள்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைத் தானே வளர்க்கக் கேட்கத்தான் வந்திருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

பாதிரியார் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். டக்வெல்தான் ஆரம்பித்தார். மூன்று நாளாக ஊரில் ஒருவரும் அவர் முகத்துக்கு நேராகப் பார்க்கவில்லை, வீட்டில் மனைவிகூடப் பேசவில்லை என்று கேள்வி.

"கெசியா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கல்லு அங்க இருக்கிறது உனக்கு எப்பத் தெரியும்?"

மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்று அவள் சொல்லியிருக்கலாம். யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. பிள்ளை கையில் இருந்தது. ஆனால் அந்தக் கொட்டகையை விட்டு வந்ததிலிருந்து அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான். வேறு யாரோ வாய்விட்டுக் கேட்டதும் தாங்க முடியவில்லை.

"முன்னமே தெரியும்," என்றாள்.

"வண்டிய நிறுத்துனப்ப?"

"நிறுத்துனப்பவே தெரியும்."

"சொல்லியிருந்தா நான் தெருவுக்கு ஓட்டியிருப்பேன்ல?"

"ஓட்டியிருப்பீங்க."

"அங்க நெருப்பு இருந்துச்சு."

"இருந்துச்சு."

"பொழைச்சிருப்பாளா?"

கெசியா பிள்ளையைப் பார்த்தாள். "பொழைச்சிருப்பா," என்றாள்.

டக்வெல் பெருமூச்சு விட்டுப் பின்னால் சாய்ந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. அறையில் இருந்த எல்லார் முகத்திலும் ஓடியது. கதவை மூடிக்கொண்டவர்கள், கூட்டத்தில் போன வருஷம் கத்தியவர்கள், எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்துகொண்டார்கள். வண்டி கட்டியது யார், கொட்டகையில் விட்டுவிட்டு வந்தது யார் என்று ஒருவர் கேட்கவில்லை.

"இந்தப் புள்ளைய நான் வளக்குறேன் ஐயா," என்றாள் கெசியா. "ஊரு எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

"தாயக் கொன்னுட்டு புள்ளையக் கேக்குற," என்றார் டக்வெல். கோபமாகச் சொல்லவில்லை, கிட்டத்தட்ட இரக்கத்தோடு சொன்னார். "நம்ம ஊருப் புள்ளைன்னு நிரூபிச்சது நீதான் கெசியா. ஊருப் புள்ள எங்க இருக்கணும்னு ஊருதான் சொல்லும்."

பாதிரியார் தலையை நிமிர்த்தாமலே தலையாட்டினார். பிள்ளையைத் தறிக்காரன் மனைவி ஹெஸ்டர் பிளாட்டிடம் விடுவது என்று முடிவாயிற்று. ஊர் கொடுக்கும் பிள்ளைகளை எடுத்துக்கொள்பவள் அவள். ஏற்கெனவே நான்கை எடுத்திருந்தாள், அதில் ஒன்றுதான் மிச்சம். ஹெஸ்டர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

கெசியா சட்டைக்குள்ளிருந்து பிள்ளையை எடுத்தாள். சூடாக இருந்தது. அதன் முகத்திலிருந்து துணியை ஒதுக்கிவிட்டு ஹெஸ்டரிடம் கொடுத்தாள்.

"தலைய நிமித்திப் புடிச்சாத்தான் குடிக்கும்," என்றாள். "படுக்கப் போட்டுக் குடுத்தா பொரையேறும். கொஞ்சம் கொஞ்சமாக் குடு. மெதுவாத்தான் குடிக்கும், அவசரப்படுத்தாத."

ஹெஸ்டர் பிள்ளையைக் கூடையில் போட்டு மூடினாள். "எனக்கு வீட்ல வேலை கெடக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.